பத்மினிக்கு மாற்று ஸ்டியரிங் சக்கரமும் ஹாரனும்: எல்லையோரப் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி

பழைய காருக்கு வெளிச்சந்தை ஸ்டியரிங் சக்கரம், அதாவது கார் நிறுவனம் தராமல் வேறு நிறுவனம் செய்தது, மாட்டித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் நிறையவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சக்கரத்தை விற்கின்றன. அதற்குக் கீழே இருக்கும் இரும்பைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் இருக்கும் அடுத்த சக்கரத்தைக் காட்டுகிறார். கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டுக்கூரையுடன் நிற்கும் பட்டறை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. அங்கே என் பிரீமியர் பத்மினி காருக்கு மர வளையம் கொண்ட ஸ்டியரிங் சக்கரமும், புதிய இரட்டை ஹாரனும், அவற்றுக்கு வேண்டிய கம்பி இணைப்பும் செய்துகொண்டேன். வேலை எனக்கு நிறைவாக இருந்தது. சில குறைகளும் உண்டு; அவற்றையும் எழுதுகிறேன். கையில் இருக்கும் வண்டிகளையே முடித்துக் கொடுக்க நேரம் போதவில்லை என்பதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார். அந்தச் சாலையில் பழைய ஃபியட்டும் அம்பாசடரும் வரிசையாக நிற்கும் இடம் எது என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள், தமிழிலேயே கேட்கலாம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964 முதல் தயாரித்த ஃபியட் 1100டி காரே பின்னாளில் பிரீமியர் பிரெசிடென்ட் என்றும், அதன் பிறகு பிரீமியர் பத்மினி என்றும் பெயர் மாறியது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி, பவர் ஸ்டியரிங் என்ற பேச்சுக்கே இடமில்லாத வார்ம் வகை ஸ்டியரிங் பெட்டி ஆகியவைதாம் அதன் அடையாளங்கள். என்னுடையது 1978-ஆம் ஆண்டு வண்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் கோடைக்காற்றும், பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் பங்குனி, சித்திரை வெயிலும் சேர்ந்து அதன் கெட்டிப் பிளாஸ்டிக் ஸ்டியரிங் வளையத்தைப் பல இடங்களில் வெடிக்கச் செய்திருந்தன. குறுக்குக் கம்பிகள் வளையத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பு அகன்று, வண்டியைத் திருப்பும்போது உள்ளங்கைத் தோலைக் கிள்ளியது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி உறுதியாகத்தான் இருந்தது. ஆகவே எபாக்சி பசையால் வெடிப்புகளை அடைத்து, தேய்த்து, வண்ணம் அடித்து மூலச் சக்கரத்தையே காப்பாற்றும் வழியும் இருந்தது. பட்டறைக்காரர் முதலில் சொன்னதே அந்த வழியைத்தான். வருமானம் குறைவான வேலையை முதலில் எடுத்துச் சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் அரிதாகிவிட்டதால் அதைக் குறிப்பிடுகிறேன்.

இருந்தும் நான் மாற்றுச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூலச் சக்கரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அன்றாட ஓட்டத்திற்கு வேறொன்றைப் பயன்படுத்தினால் இரண்டும் பிழைக்கும் என்பது என் எண்ணம். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் ஓடிக்கொண்டிருந்த வரையில் பத்மினி உதிரிபாகங்களுக்கு நிலையான தேவை இருந்தது. 2003-இல் பதிவான கடைசி பத்மினி டாக்சியும் இருபது ஆண்டு வரம்பை எட்டி 2023 அக்டோபரில் சாலையை விட்டு இறங்கிவிட்டது. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில்கூட நல்ல நிலையில் ஒரு பத்மினி சக்கரம் எளிதில் அகப்படுவதில்லை. ஒன்று கையில் இருக்கும்போது அதை மேலும் வெயிலில் காயவிட மனம் வரவில்லை.

சக்கரத் தேர்வில் பார்க்க வேண்டியவை மூன்று: விட்டம், துளை வட்டம், குழிவு (வளையத்தைவிட நடுப்பகுதி எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பது). கடைகளில் மக்கள் முதலில் பார்ப்பதோ நிறத்தை. வெளிச்சந்தைச் சக்கரங்களின் நடுவே ஆறு துளைகள் இருக்கும். மோமோ வகையில் அந்த ஆறு துளைகளின் மையங்கள் 70 மி.மீ. வட்டத்தில் அமைகின்றன, நார்டி வகையில் 74 மி.மீ. வட்டத்தில். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஆனால் ஒன்றின் திருகு மற்றொன்றில் ஏறாது. ஏறாத இடத்தில் டிரில் வைத்துத் துளையை அகட்டி ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி அகட்டிய துளையில் திருகின் இறுக்கம் மட்டுமே சக்கரத்தைப் பிடித்திருக்கும், துளையின் சுவர் பிடிக்காது. ஜான்பியேரோ மொரெட்டி என்ற இத்தாலியப் பந்தய ஓட்டுநர் 1964-இல் தமக்காகச் செய்துகொண்ட தடித்த பிடிச் சக்கரத்திலிருந்துதான் மோமோ தொடங்கியது; அதே ஆண்டு ஃபெராரியில் உலக வாகையரான ஜான் சர்டீஸ் அந்தச் சக்கரத்தை விரும்பிப் பயன்படுத்தினார். நார்டியின் மரச் சக்கரங்கள் அதற்கும் முந்தியவை, ஃபியட் பிறந்த டூரின் நகரத்திலேயே பிறந்தவை. அந்தப் பெயர்களைப் பொறித்து நம் சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போலிகளே. விலை மட்டுமே இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டறையில் அத்தகைய போலி ஒன்றை அறுத்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் வாங்கி வந்து, பட்டறைக்காரர் மாட்ட மறுத்ததால் விட்டுச் சென்றதாம். மரம் போன்று தோன்றும் பூச்சுக்கு உள்ளே பிளாஸ்டிக்; அதற்கும் உள்ளே விரலால் வளைக்கக்கூடிய மெல்லிய அலுமினியத் தகடு. மோதலில் ஓட்டுநரின் மார்பு சாய்வது அந்தத் தகட்டின் மீதுதான். இந்த வெட்டுத்துண்டை வாசலிலேயே தொங்கவிட்டிருப்பது நல்ல செயல். போலி வேண்டாம் என்று வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் புரியவைக்கிறது.

எனக்குத் தந்தது போலிப் பெயர் எதையும் சுமக்காத, உண்மையான மர வளையம் கொண்ட, 380 மி.மீ. விட்டச் சக்கரம். மூன்று எஃகுக் கம்பிகள், 74 மி.மீ. துளை வட்டம், மிகக் குறைந்த குழிவு. நான் 350 மி.மீ. சக்கரத்தைத்தான் கேட்டேன், பார்வைக்கு அதுவே எடுப்பாக இருந்தது. பட்டறைக்காரர் ஒரு கணக்கைச் சொன்னார். தண்டைத் திருப்பத் தேவையான முறுக்கு மாறாது. ஆகவே விட்டம் குறையும் அளவுக்குக் கை கொடுக்க வேண்டிய விசை கூடும். 400 மி.மீ. சக்கரத்தை எடுத்துவிட்டு 350 மி.மீ. சக்கரத்தை மாட்டினால் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் விசை வேண்டும், 380 மி.மீ. என்றால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைக் கொழிஞ்சாம்பாறைச் சந்தை நாளில் இரண்டு சரக்கு ஆட்டோக்களுக்கு நடுவே நிறுத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு தோளில் தெரியும். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

இனி இந்த வேலையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். ஸ்டியரிங் தண்டின் முனையில் பல்வரிகள் இருக்கின்றன. மூலச் சக்கரத்தின் நடுவில் உள்ள எஃகுக் குடத்தின் உட்புறப் பற்கள் அந்தப் பல்வரியில் கச்சிதமாக அமர்ந்து, மேலே ஒரு நட்டு அதை அழுத்திப் பிடிக்கிறது. வெளிச்சந்தைச் சக்கரத்தில் இந்தப் பற்கள் கிடையா. தட்டையான முகமும் ஆறு துளைகளும்தாம் உண்டு. இரண்டுக்கும் நடுவே பாலமாக வரும் பாகத்தை பாஸ் என்கிறார்கள். புதிய கார்களுக்கு ஆயத்தமான பாஸ் கடையில் கிடைக்கும். பத்மினிக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் பாஸ்களில் எனக்குக் காட்டப்பட்ட ஒன்று தண்டில் அமர்ந்த பிறகும் இலேசாக ஆடியது. பற்கள் முழு ஆழத்திற்குப் பிடிக்காமல், நட்டின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் பாஸ் அது. இறுக்கிவிட்டால் ஆட்டம் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பல்வரியைத் தின்னத் தொடங்கும். ஸ்டியரிங் தண்டின் பற்கள் தேய்ந்துவிட்டால் தண்டையே மாற்ற வேண்டும், சக்கரத்தை மாற்றிப் பயனில்லை.

இந்தப் பட்டறையில் வேறு முறையைக் கையாளுகிறார்கள். வளையம் முற்றிலும் சிதைந்து, இனி யாருக்கும் உதவாத மூலச் சக்கரங்களை வாங்கி வைத்து, அவற்றின் நடு எஃகுக் குடத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். தொழிற்சாலையில் அறுத்த அசல் பற்கள் அதில் இருக்கின்றன. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் உள்ள லேத் பட்டறை ஒன்றில் அந்தக் குடத்தின் வெளிப்புறத்தைக் கடைந்து, படி வெட்டி, அதன்மேல் தடித்த எஃகுத் தட்டு ஒன்றை இறுக்கமாக ஏற்றி, போல்ட்களால் பிணைக்கிறார்கள். அந்தத் தட்டில்தான் சக்கரத்துக்கான ஆறு துளைகளும் மரையும் வருகின்றன. குடத்தையும் தட்டையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும், செலவும் குறையும். அதை ஏன் செய்வதில்லை என்று கேட்டேன்.

“அந்த இரும்பு என்ன கலவைன்னு நமக்குத் தெரியாதுங்க. வெல்டிங் சூட்டுல ஓரத்துல மயிர்ப் பிளவு உட்டுச்சுன்னா மேல பெயின்ட் அடிச்சா தெரியாதுங்களே. கையில சக்கரம் மட்டும் தனியா வந்துருச்சுன்னா அப்பறம் யாரைக் கேக்கறது?” என்றார்.

இந்த விடைக்காகவே நான் அவரிடம் வண்டியை விட்டேன். கடைந்து வந்த பாஸை எனக்குக் காட்டி, தண்டில் கையால் ஏற்றி, நட்டு போடும் முன்பே அசைத்துப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. சக்கரத்தின் முகத்தருகே ஒரு கம்பியை நிறுத்தி, சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, வளையம் கோணலின்றிச் சுழல்கிறதா என்றும் பார்த்தார்கள். மரச் சக்கரம் என்பதால் மிக நுண்ணிய ஏற்ற இறக்கம் இருந்தது, பாஸில் இல்லை.

மூலச் சக்கரத்தைக் கழற்றிய விதத்தையும் எழுத வேண்டும். பல பட்டறைகளில் சம்மட்டிதான் முதலில் கைக்கு வருகிறது. பின்னாலிருந்து அடித்தால் சக்கரம் வந்துவிடும் என்பது உண்மை. தண்டின் மேல் புஷ்ஷும், கீழே ஸ்டியரிங் பெட்டியின் பேரிங்கும் அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன என்பதும் உண்மை. இங்கே முதலில் பேட்டரியின் முனையைக் கழற்றினார்கள். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டின் முனையிலும் குடத்திலும் ஒரே நேர்க்கோட்டில் பஞ்ச் உளியால் புள்ளி குத்திக்கொண்டார்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, அதை முழுவதும் எடுத்துவிடாமல் சில மரைகளில் விட்டுவைத்து, புல்லர் போட்டு இழுத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேலாக அசையாத குடம் திடீரென்று விடுபடும்போது சக்கரம் முகத்தில் வந்து அடிக்காமல் அந்த நட்டு தடுத்துக்கொண்டது. வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

பத்மினியில் கியர் கம்பியும் இண்டிகேட்டர் கம்பியும் தண்டை ஒட்டியே வருவதால், பாஸின் உயரம் ஒரு விரற்கடை தவறினாலும் தொல்லைதான். உயரம் கூடினால் சக்கரத்தைப் பிடித்தபடி விரலை நீட்டிக் கம்பிகளை எட்ட முடியாது. குறைந்தால் கியர் மாற்றும்போது விரல் முட்டி சக்கரத்தில் இடிக்கும். பழைய சக்கரத்தின் வளையம் எந்தத் தூரத்தில் இருந்ததோ ஏறக்குறைய அதே தூரத்தில் புதியதும் வரும்படி, சக்கரத்தின் குழிவையும் கணக்கிட்டு, பாஸின் உயரத்தை முன்பே அளந்து எழுதி லேத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் சிறு புடைப்பையும் பாஸில் மறவாமல் அமைத்திருந்தார்கள். பெரும்பாலான கடைகள் இதை விட்டுவிடுகின்றன. அப்படிப் பொருத்திய வண்டிகள் இண்டிகேட்டரைச் சிமிட்டிக்கொண்டே மைல் கணக்கில் போவதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

ஹாரன் வேலையைச் செய்தவர் பட்டறைக்கு வந்துபோகும் மலையாளி எலக்ட்ரீசியன். பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். பழைய ஹாரன் கரகரத்துப் போயிருந்ததால் அதை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் மீட்டரை வைத்து ஹாரனின் முனையில் வரும் மின்னழுத்தத்தைக் காட்டினார். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்க, ஹாரனை அடிக்கும்போது அதன் முனைக்கு வந்து சேர்ந்தது அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இடையில் இருந்த பழைய கம்பியும், துருவேறிய இணைப்புகளும், சுழலும் சக்கரத்தையும் அசையாத ஹாரன் கம்பியையும் இணைக்கும் தேய்ந்த தொடர்பு வளையமும் மீதியை விழுங்கிக்கொண்டிருந்தன. “இதுல புதிய ஹாரன் வச்சாலும் சப்தம் இதே மாதிரிதான் சேட்டா வரும். ரிலே வைக்காம நான் கனெக்ஷன் கொடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்விசை. அதன் பயனை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்வது நல்லது, ஏனெனில் மாற்றுச் சக்கரம் மாட்டியவர்களிடம் நான் கேட்கும் பெரும்பாலான புலம்பல்கள் ஹாரனைப் பற்றியவை. இரட்டை ஹாரன் ஒரு முறை ஒலிக்கும்போது இரண்டும் சேர்ந்து 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். வெளிச்சந்தைச் சக்கரத்தோடு வரும் ஹாரன் பொத்தானுக்குள் இருப்பது மெல்லிய பித்தளைத் தகடும் ஒரு சுருள்வில்லும்தான். அவ்வளவு மின்னோட்டமும் அதன் வழியே போனால் ஒவ்வொரு அழுத்தலிலும் பொறி பறந்து தகடு கருகும். ரிலே வைத்துவிட்டால் பொத்தான் வழியே போவது ரிலேயின் சுருளை இயக்கும் சிற்றோட்டம் மட்டுமே, 0.2 ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி ரிலேயின் 30-ஆம் முனைக்கும், அங்கிருந்து 87-ஆம் முனை வழியாக ஹாரன்களுக்கும் போகிறது. 86-க்கு இக்னிஷன் வழி மின்சாரம். 85-இலிருந்து வரும் மெல்லிய கம்பி ஸ்டியரிங்கின் தொடர்பு வளையத்துக்கு. பொத்தானை அழுத்தும்போது அந்தக் கம்பி எர்த்தைத் தொடுகிறது, ரிலே மூடுகிறது, ஹாரன் ஒலிக்கிறது.

எர்த் என்று சொன்னேன். அதில்தான் மாற்றுச் சக்கரங்கள் பெரும்பாலும் வம்பு செய்கின்றன. மர வளையமும், வண்ணம் பூசிய தட்டும், கிரீஸ் தடவிய புஷ்களும் சேர்ந்து எர்த் தொடர்பை அரைகுறையாக்கிவிடும். சக்கரம் ஒரு நிலையில் இருக்கும்போது ஹாரன் அடிக்கும், திருப்பினால் அடிக்காது. இவர் பொத்தானின் இரண்டாம் முனையிலிருந்து பாஸின் வண்ணம் சுரண்டிய இடத்துக்கு ஒரு கம்பியும், தண்டிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு கம்பியும் தனியாகவே கொடுத்துவிட்டார். தொடர்பு வளையத்தைத் தொடும் பிரஷ் புதியது. முடித்த பிறகு, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஹாரனை விட்டுவிட்டு அழுத்திப் பார்த்தார். ஓரிடத்திலும் விடுபடவில்லை, அழுத்தாதபோது ஓரிடத்திலும் தானாக ஒலிக்கவுமில்லை.

ஹாரன் கோயம்புத்தூர் ரூட்ஸ் நிறுவனத்தின் விண்டோன் இணை. நத்தை ஓடு போல் சுருண்ட குழல் வழியே ஒலி வெளிவருவதால், தட்டையான டிஸ்க் ஹாரனின் கூர்மை இதில் இருப்பதில்லை. கனமும் உருண்டையுமான ஒலி. தாழ்ந்த சுருதி ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ், உயர்ந்தது 500 ஹெர்ட்ஸ் அளவில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. வாளையார்க் காட்டுப் பகுதியில் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பாரவண்டிகளுக்கு நடுவே செல்லும்போது, நம் வண்டி பக்கத்தில் இருப்பது அந்த ஓட்டுநருக்குக் கேட்க வேண்டும். ஊருக்குள் பள்ளி விடும் நேரத்தில் அதே ஹாரனை அடித்தால் பிள்ளைகள் திடுக்கிடக் கூடாது. இந்த இணை இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கிரில்லுக்குப் பின்னே பொருத்தியிருக்கிறார்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தண்ணீர் உள்ளே தங்காமல் வடிந்துவிடும்.

ஏர் ஹாரன் கேட்டு வருபவர்களை இந்தப் பட்டறை திருப்பி அனுப்பிவிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆம் விதி, வெவ்வேறு சுருதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் ஹாரனையும், கடூரமாகவோ கிறீச்சிட்டோ அச்சமூட்டும்படியோ ஒலிக்கும் கருவியையும் தடுக்கிறது. இரண்டு சுருதிகள் ஒருங்கே ஒலிக்கும் விண்டோன் இணை அந்தத் தடைக்குள் வராது. பாட்டுப் பாடும் ஹாரன் வரும். கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை மாற்றங்களைக் கண்டிப்போடு பார்க்கிறது என்பதைச் சாலையின் இந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அறிவார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவை விளக்கி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்ததும் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில்தான். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை போன்றவை உண்டு, ஸ்டியரிங் சக்கரம் பற்றிய குறிப்பு இல்லை. ஆனாலும் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது மூலச் சக்கரத்தையே மாட்டிக்கொண்டு போகும் எண்ணம் எனக்கு உண்டு. பாஸ் உட்பட எல்லாமே என் வண்டியின் மூலப் பாகங்களை வெட்டாமல் பொருத்தப்பட்டவை என்பதால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளை மூல வடிவம் மாறாதிருந்தால் விண்டேஜ் வகையில் பதிய 2021-இல் வந்த விதிகள் இடமளிக்கின்றன. அந்த நாளை எதிர்பார்த்திருக்கும் உரிமையாளர்களுக்கு இப்படித் திரும்பப் பெறக்கூடிய வேலையே உகந்தது.

ஓட்டிப் பார்த்ததில் நிறையே மிகுதி. மர வளையம் மூலச் சக்கரத்தைவிடத் தடிப்பாக இருப்பதால் நெடுந்தூரம் ஓட்டும்போது விரல்கள் களைப்பதில்லை. சக்கரத்தின் நடுநிலையில் முன்பு உணர்ந்த தளர்ச்சி சற்றுக் குறைந்தது போலத் தெரிந்தது. அதற்குக் காரணம் புதிய சக்கரம் அன்று, கழற்றும்போது தண்டின் மேல் புஷ்ஷையும் மாற்றினார்கள் என்பதே. ஸ்டியரிங் பெட்டியிலும் டை ராடு முனைகளிலும் தேய்மானம் இருந்தால் எவ்வளவு விலையுள்ள சக்கரமும் அதைச் சரிசெய்யாது என்று பட்டறைக்காரரே சொன்னார்.

குறைகளைப் பார்ப்போம். சக்கரத்தின் வார்னிஷ் நம் வெயிலுக்கு ஏற்றதாக இல்லை. நண்பகலில் வெளியே நிறுத்திவிட்டு வந்து பிடித்தால் கை பிசுபிசுக்கிறது; துணி உறை போட்டு மூட வேண்டியிருக்கிறது. வளையத்தின் மேல்பகுதி வேகமானியின் ஒரு பகுதியை மறைக்கிறது. இருக்கையைச் சற்று உயர்த்திய பின் இது குறைந்தது, முற்றிலும் போகவில்லை. குள்ளமானவர்களுக்கு இது பெரிய இடையூறாக இருக்கலாம். சக்கரத்தோடு வந்த ஹாரன் பொத்தானின் வில் மிகக் கடினம். நெருக்கடியில் கட்டைவிரலால் அழுத்த முடியாது, உள்ளங்கையால்தான் அழுத்த வேண்டும். எலக்ட்ரீசியனிடம் சொன்னபோது மென்மையான வில் ஒன்றைத் தேடிப் போட்டுத் தந்தார். இன்னும் நான் விரும்பும் அளவுக்கு இளகவில்லை.

பட்டறையின் மீதே எனக்குள்ள குறை காலம் தொடர்பானது. லேத் வேலை வெளியே போய் வருவதால் சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. தாமதத்தை அவர்களாக அழைத்துச் சொல்லவுமில்லை, நான்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செய்த வேலைக்குத் துண்டுத்தாளில் கணக்கு எழுதித் தருகிறார்கள். பாஸ் எந்த வகை எஃகு, எப்போது பொருத்தியது, எந்த ஹாரன், எந்த ஃபியூஸ் என்ற விவரங்களோடு முறையான பில் தருவது, இவ்வளவு கவனமாக வேலை செய்யும் இடத்துக்குக் கடினமான காரியமன்று. நாளை வண்டி கைமாறினால் வாங்குபவருக்கு அந்தத் தாள்தான் சான்று.

செலவு மொத்தம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. அதில் பாதி சக்கரத்துக்கு. மீதியில் பெரும்பங்கு பாஸுக்கு. ஹாரன் இணை, ரிலே, கம்பி, எலக்ட்ரீசியன் கூலி எல்லாம் சேர்ந்தும் அதைவிடக் குறைவு. இதே வேலையை மூன்றில் ஒரு பங்குக்குச் செய்து தருவதாகச் சொன்ன கடைகளும் உண்டு. அங்கே பாஸைக் காட்டச் சொன்னால் சக்கரத்தோடு சேர்த்து வரும் என்ற விடைதான் கிடைத்தது. பணம் குறைவாக இருப்பவர்கள் சக்கரத்தை எபாக்சியால் செப்பனிட்டுக்கொண்டு, ரிலேயும் விண்டோன் ஹாரனும் மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வண்டியின் பாதுகாப்புக்கு உடனடியாகக் கிடைக்கும் பயன் அந்தப் பாதி வேலையிலேயே இருக்கிறது.

செல்ல நினைப்பவர்கள் தங்கள் வண்டியின் மூலச் சக்கரத்தோடும், வாங்க எண்ணியிருக்கும் சக்கரத்தின் துளை வட்ட அளவோடும் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்லுங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசடர் வண்டிகளுக்கும் செய்கிறார்கள், ஆனால் பழைய குடம் கையிருப்பில் இருந்தால்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை. வேலை முடிந்து முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் தண்டின் நட்டையும் ஆறு திருகுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதற்குக் கூலி வாங்குவதில்லை. எனக்கு அந்த நட்டு இடம்விட்டு நகரவில்லை, திருகுகளில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது.